தெ காஸ்பெரி மதில்மேல் பூனையா?

கேள்வி: ஐயா, நான் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு இத்தாலியப் பிரதமர் அல்சிதே தெ காஸ்பெரியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் உருவான கதையைப் படித்தபோது அவர் பெயர் பிடித்துப்போனது. ஆனால் என் வழிகாட்டி, "முசோலினியைப் பற்றி எழுது, இல்லாவிட்டால் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியைப் பற்றி எழுது. நடுவில் நின்றவரைப் பற்றி என்ன எழுத முடியும்? இவர்களெல்லாம் மதில்மேல் பூனைகள்" என்கிறார். உடன் படிப்பவர்கள் "அமெரிக்காவின் கைப்பாவை" என்கிறார்கள். தலைப்பை மாற்றிவிடட்டுமா? வேண்டாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது? 1922-இல் அவர் கட்சி முசோலினியின் அமைச்சரவையில் சேர்ந்ததை எழுத வேண்டுமா, விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

தலைப்பை மாற்ற வேண்டாம். ஆனால் உங்கள் வழிகாட்டியின் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மையவாத அரசியல்வாதிகளைப் பற்றி வரும் ஆய்வேடுகள் பல சப்பென்று போய்விடுகின்றன. "இடதும் இல்லாமல் வலதும் இல்லாமல் மிதமான பாதையில் நடந்தார்" என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அதையே கடைசிப் பக்கம் வரை திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். தெ காஸ்பெரியைப் பாடமாக நடத்தும்போது நான் மாணவர்களிடம் வேறொன்றைத் தேடச் சொல்வேன். தனக்கு ஓட்டு வாங்கித் தந்தவர்களிடம், தன்னைத் தூக்கி நிறுத்தியவர்களிடம், அவர் எப்போதெல்லாம் "முடியாது" என்றார்? எதிர்க்கட்சிக்கு மறுப்புச் சொல்வது எந்தத் தலைவருக்கும் சுலபம். சொந்தக்காரர்களிடம் சொல்வதற்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். தெ காஸ்பெரி பலமுறை கொடுத்தார். சில இடங்களில் கொடுக்காமல் நழுவவும் செய்தார். இரண்டையும் எழுதுங்கள்.

பிறந்த ஊர், படித்த பள்ளி என்று ஆரம்பிக்காதீர்கள். 1952 ஏப்ரலில், ரோமிலிருந்து ஆரம்பியுங்கள்.

அப்போது தெ காஸ்பெரி ஆறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரதமர். வெளியுறவு அமைச்சர் பொறுப்பும் அவரிடமே இருந்தது. ரோம் மாநகராட்சித் தேர்தல் மே மாதம் வரவிருந்தது. கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் சேர்ந்து மாநகராட்சியைப் பிடித்துவிடுவார்கள், போப்பின் நகரத்தில் செங்கொடி பறக்கும் என்ற பயம் வத்திக்கானை உலுக்கியது. போப் பன்னிரண்டாம் பயஸுக்கு நெருக்கமானவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: தெ காஸ்பெரியின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, முடியாட்சிவாதிகள், முசோலினியின் மிச்சங்கள் கூடிக் கட்டிய இத்தாலிய சமூக இயக்கம், எல்லோரும் ஒரே பட்டியலில் நிற்பது. அதற்கு முகமாக லூயிஜி ஸ்துர்ட்சோவை முன்னிறுத்தினார்கள். ஸ்துர்ட்சோ யார் என்பதை உங்கள் வாசகருக்கு விளக்கிச் சொல்லுங்கள். அவர் சிசிலியைச் சேர்ந்த பாதிரியார். 1919-இல் இத்தாலிய மக்கள் கட்சியைத் தொடங்கியவர். பாசிசத்தால் நாட்டைவிட்டு வெளியேறி நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்ந்தவர். தெ காஸ்பெரிக்கு அரசியலில் மூத்தவர். அவர் பெயரையே பாசிஸ்டுகளுடன் கூட்டுச் சேரப் பயன்படுத்தினார்கள்.

இந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் லூயிஜி ஜெத்தா. கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கத்தின் தலைவர். 1948 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் குழு அமைத்து, தெ காஸ்பெரியின் கட்சிக்கு வீடு வீடாக ஓட்டுச் சேகரித்த அமைப்பு இவருடையது. அதாவது, பிரதமரின் வெற்றியில் பாதி தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உள்ளவர். இயேசு சபைப் பாதிரியார் ரிக்கார்தோ லொம்பார்தி பிரதமரின் வீட்டுக்கே போய் அவர் மனைவி பிரான்செஸ்காவிடம் பேசி அழுத்தம் கொடுத்தார். குடும்பம் முழுக்கப் பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பம். தெ காஸ்பெரி நாள் தவறாமல் ஜெபிப்பவர். மகள் லூசியா கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். அப்படிப்பட்ட மனிதரிடம் "இது திருத்தந்தையின் விருப்பம்" என்று சொல்வது எவ்வளவு கனமான சொல் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் சம்மதிக்கவில்லை. பாசிஸ்டுகளுடன் ஒரே பட்டியலில் நின்றால், சமூக ஜனநாயகவாதிகளும் குடியரசுவாதிகளும் லிபரல்களும் தன்னைவிட்டுப் போய்விடுவார்கள், பாசிசத்தை எதிர்த்துப் பிறந்த குடியரசின் அடித்தளமே ஆடிவிடும் என்பது அவர் கணக்கு. கூட்டு முயற்சி ஏப்ரல் முடிவதற்குள் கலைந்தது. மே மாதத் தேர்தலில் மையக் கட்சிகளின் கூட்டணியே ரோமில் வென்றது. அவர் கணக்கு சரியாகவே வந்தது.

ஆனாலும் தண்டனை வந்தது. ஜூன் மாதம் அவருக்குத் திருமணமாகி 30 ஆண்டு நிறைவு. அதே சமயம் லூசியா துறவற வாக்குறுதி எடுக்கிற வேளை. குடும்பத்தோடு போப்பைப் பார்த்து ஆசி பெற அனுமதி கேட்டார். போப் மறுத்துவிட்டார். இந்த இடத்தில் தெ காஸ்பெரி வத்திக்கானுக்கான இத்தாலியத் தூதருக்கு எழுதிய கடிதம்தான் உங்கள் ஆய்வேட்டின் மையம் என்பேன். அதன் சாரம் இது: கிறிஸ்தவனாக இந்த அவமானத்தை ஏற்றுக்கொள்கிறேன், இதற்கு என்ன நியாயம் என்று எனக்குப் புரியாவிட்டாலும். ஆனால் நான் இத்தாலியின் பிரதமர், வெளியுறவு அமைச்சர். அந்தப் பதவியின் கண்ணியத்தை என்னால் தனிப்பட்ட வாழ்க்கையிலும் கழற்றி வைக்க முடியாது. ஆகவே இப்படியொரு அசாதாரணமான மறுப்பைக் குறித்து என் வியப்பைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது, விளக்கம் கேட்கும் உரிமையையும் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு மூன்று வாக்கியங்களில் ஒரு மனிதர் தன்னையே இரண்டாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கும் உண்மையாக இருக்கிறார். இந்தக் கடிதத்தைப் படித்தபிறகும் வழிகாட்டி அவரை மதில்மேல் பூனை என்பாரா, தெரியவில்லை. சொன்னால் சொல்லட்டும், நீங்கள் சான்றைக் காட்டுங்கள்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 1948. ஏப்ரல் 18-ஆம் தேதித் தேர்தலில் அவர் கட்சிக்கு 48.5 சதவீத வாக்கு. மக்களவையில் 574 இடங்களில் 305. கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் சேர்ந்து நின்ற மக்கள் முன்னணிக்கு 31 சதவீதம். தனித்து ஆட்சி அமைக்க முழுப் பெரும்பான்மை இருந்தது. "நமக்கென்ன, நாமே ஆளலாம்" என்ற குரல் கட்சிக்குள்ளும் திருச்சபை வட்டாரத்திலும் எழுந்தது. அவரோ சராகாத்தின் சமூக ஜனநாயகவாதிகளையும், லிபரல்களையும், குடியரசுவாதிகளையும் அழைத்து அமைச்சரவையில் உட்காரவைத்தார். இவர்களில் பலர் மதச்சார்பற்றவர்கள், திருச்சபையின் அரசியல் தலையீட்டை வெளிப்படையாக எதிர்த்தவர்கள். தேவையில்லாதபோது ஏன் அதிகாரத்தைப் பங்கிட வேண்டும்? நாளைக்கு ஜெத்தா மாதிரி ஒருவர் வந்து "நான் சொல்கிறபடி செய்" என்றால், "எனக்குக் கூட்டணி இருக்கிறது, முடியாது" என்று சொல்ல இடம் வேண்டும் என்பதற்காக. 1952-இல் அவரைக் காப்பாற்றியது 1948-இல் அவர் எடுத்த முடிவு என்பது என் வாசிப்பு. நீங்கள் இதை மறுத்தும் எழுதலாம், ஆனால் இரண்டையும் இணைத்துப் பார்க்காமல் எழுத முடியாது.

இந்தச் சுபாவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் பிறந்த ஊருக்குப் போக வேண்டும். 1881 ஏப்ரல் 3-ஆம் தேதி, திரெந்தினோ மலைப்பகுதியில் பியேவே தெசினோ என்ற சிற்றூரில் பிறந்தார். அது அப்போது இத்தாலியில் இல்லை, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. வீட்டில் இத்தாலி மொழி, ஆட்சி ஜெர்மன் மொழியில். படித்தது வியன்னா பல்கலைக்கழகத்தில். இத்தாலிய மாணவர்களுக்குத் தங்கள் மொழியில் உயர்கல்வி வேண்டும் என்று 1904-இல் இன்ஸ்புருக்கில் நடந்த கலவரத்தில் கைதானார். அப்புறம் திரெந்தோவில் பத்திரிகை ஆசிரியர். 1911-இல் வியன்னா நாடாளுமன்ற உறுப்பினர். முதல் உலகப்போரின்போது சொந்த ஊர்க்காரர்களை ஆஸ்திரிய அரசு முகாம்களுக்கு அனுப்பியது. அவர்களுக்காக அதே நாடாளுமன்றத்தில் வாதாடினார். போருக்குப் பின் எல்லைக்கோடு நகர்ந்தது, அவர் இத்தாலியக் குடிமகனானார், 1921-இல் ரோம் நாடாளுமன்றத்துக்குப் போனார்.

சிறுபான்மையாக வாழ்ந்து பழகியவர் பெரும்பான்மை கிடைத்ததும் அதை முழுக்கப் பயன்படுத்தத் தயங்குவார் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பலர் நேர்மாறாகவும் நடந்திருக்கிறார்கள். ஆனால் 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பாரிஸில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் கார்ல் குரூபருடன் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். இத்தாலிக்குள் இருக்கும் ஜெர்மன் மொழி பேசும் மக்களுக்குத் தங்கள் மொழியில் பள்ளி, அலுவலகங்களில் சம உரிமை, தன்னாட்சி என்றெல்லாம் அதில் வாக்களித்தார். அது முழுமையாக நிறைவேறப் பல ஆண்டுகள் இழுத்தன என்பது வேறு கதை.

சரி, 1922-க்கு வருவோம். விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது, அம்மா. அதை விட்டால் மற்ற எல்லாமே புகழுரை ஆகிவிடும். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் முசோலினி பிரதமரானபோது, தெ காஸ்பெரி அன்று இருந்த மக்கள் கட்சியின் ஆட்கள் சிலர் அவருடைய முதல் அமைச்சரவையில் இருந்தார்கள். நாடாளுமன்றக் கட்சிக் குழுவின் தலைவராக இருந்த தெ காஸ்பெரி அந்த ஒத்துழைப்பை ஆதரித்தார். உள்ளே சேர்த்துக்கொண்டால் பாசிசம் சட்டத்துக்குக் கட்டுப்படும் என்று அன்று பலரைப் போல அவரும் நம்பினார். 1923-இல், கால்வாசி வாக்கு பெற்று முதலிடம் வரும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் தரும் அச்செர்போ சட்டம் வந்தபோதும் அவருடைய கட்சி நேராக எதிர்க்காமல் வாக்களிப்பில் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டது. மதில்மேல் பூனை என்ற குற்றச்சாட்டுக்கு அவர் வாழ்க்கையில் மிக வலுவான சான்று இந்த ஒன்பது மாதங்கள்தான். ஸ்துர்ட்சோ கட்சிப் பொறுப்பிலிருந்து விலக வேண்டிவந்தது. 1924 மே மாதம் கட்சிச் செயலாளர் பொறுப்பு தெ காஸ்பெரியிடம் வந்தது. அடுத்த மாதமே சோசலிஸ்ட் உறுப்பினர் மத்தேயோத்தி கொலை. அதன்பின் அவரிடம் ஊசலாட்டம் இல்லை. எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து நாடாளுமன்றத்தைப் புறக்கணித்தார், 1926-இல் கட்சி கலைக்கப்பட்டது, பதவி பறிபோனது.

1927 மார்ச்சில் மனைவியோடு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது கைது செய்தார்கள். அனுமதியின்றி நாட்டைவிட்டுத் தப்ப முயன்றதாக வழக்கு. நான்கு ஆண்டு தண்டனை, மேல்முறையீட்டில் இரண்டரை ஆண்டாகக் குறைந்தது, 1928 கோடையில் விடுதலை. வெளியே வந்தால் வேலை தருவார் யாருமில்லை. வீட்டில் சின்னக் குழந்தைகள். ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைத்தார். 1929-இல் வத்திக்கான் நூலகத்தில் ஒரு சாதாரண வேலை கிடைத்தது. நூலட்டை எழுதும் வேலை. நாடாளுமன்றக் கட்சித் தலைவராக இருந்தவர், 48 வயதில், நூல்களின் பெயரையும் ஆசிரியரையும் அட்டைகளில் எழுதி அடுக்கிக்கொண்டிருந்தார். போர்க்காலம் வரை பிழைப்பு அங்கேதான். இடையில் வத்திக்கான் இதழொன்றில் புனைபெயரில் உலக அரசியல் பற்றி எழுதினார். ஜெர்மனியில் ஹிட்லர் வளர்வதையும் மைய கத்தோலிக்கக் கட்சி கரைந்துபோவதையும் அந்த மேசையிலிருந்து பார்த்தார். வத்திக்கான் அவருக்குச் சோறு போட்டது என்பதையும் 1952-ஐப் படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த "முடியாது" இன்னும் கனமாகத் தெரியும்.

1945 டிசம்பரில் பிரதமரானதிலிருந்து 1953 வரை அடுத்தடுத்து எட்டு அமைச்சரவைகள். இதையெல்லாம் வரிசையாக விவரிக்கத் தேவையில்லை, ஓர் அட்டவணையாகப் பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள். 1946 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பாரிஸ் அமைதி மாநாட்டு உரையை மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதலாம். தோற்ற நாட்டின் பிரதிநிதியாக லக்சம்பர்க் அரண்மனையில் எழுந்து, உங்கள் தனிப்பட்ட மரியாதையைத் தவிர இங்கே எல்லாமே எனக்கு எதிராக இருப்பதை உணர்கிறேன் என்று ஆரம்பித்தார். பேசி முடித்து இறங்கியபோது அவையில் மௌனம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பைர்ன்ஸ் கை நீட்டிக் குலுக்கினார். ஒப்பந்தம் என்னவோ கடுமையாகத்தான் வந்தது. இஸ்திரியாவின் பெரும்பகுதி, பியூமே, காலனி நாடுகள் எல்லாம் போயின. 36 கோடி டாலர் இழப்பீடு.

அதே ஆண்டு ஜூன் 2-இல் நடந்த முடியாட்சியா குடியரசா என்ற வாக்கெடுப்பில் அவர் நடந்துகொண்ட விதத்தை விமர்சனத்தோடு எழுதுங்கள். கட்சி மாநாட்டில் பெரும்பான்மை குடியரசுக்கு ஆதரவு. ஆனால் தெற்கில் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் ராஜபக்தர்கள். முடிவை நாடாளுமன்றத்தில் எடுக்காமல் மக்களிடம் விட்டார், தொண்டர்களிடம் "மனச்சாட்சிப்படி போடுங்கள்" என்றார். கட்சி உடையாமல் காப்பாற்றுவதற்கான சாமர்த்தியம் அது, மறுக்க முடியாது. குடியரசுக்கு 1 கோடியே 27 லட்சம், முடியாட்சிக்கு 1 கோடியே 7 லட்சம் என்று முடிவு வந்தபிறகு மன்னர் உம்பெர்த்தோ இழுத்தடித்தபோது, அமைச்சரவையைக் கூட்டி, அரசுத் தலைவரின் பொறுப்புகளைத் தானே ஏற்றார். ஜூன் 13-இல் மன்னர் நாட்டைவிட்டுப் போனார்.

இனி உங்கள் வகுப்புத் தோழர்களின் குற்றச்சாட்டு. கைப்பாவை என்று சொல்பவர்கள் 1947 மே மாதத்தைக் காட்டுவார்கள். ஜனவரியில் வாஷிங்டன் போனார், 10 கோடி டாலர் கடனோடு திரும்பினார், மே முடிவில் கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் இல்லாத அமைச்சரவை அமைத்தார். காரண காரியம் கண்ணுக்கு நேரே தெரிகிற மாதிரி இருக்கும். 1948 தேர்தலில் அமெரிக்க உளவுத்துறை ரகசியமாகப் பணம் செலவழித்ததும், கம்யூனிஸ்டுகள் வென்றால் உதவி நின்றுவிடும் என்று வாஷிங்டன் வெளிப்படையாகவே சொன்னதும் உண்மை. இதில் எதையும் மறைக்காதீர்கள்.

ஆனால் இத்தாலிக்குள் நடந்ததையும் பாருங்கள். விலைவாசி தறிகெட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 20 சிசிலி பிராந்தியத் தேர்தலில் இடதுசாரிக் கூட்டணி முதலிடம், தெ காஸ்பெரியின் கட்சிக்குப் பலத்த அடி, ஓட்டுகள் வலதுபக்கம் ஓடின. பத்து நாள் கழித்து அமைச்சரவைக் கூட்டத்தில் அவர் சொன்னது புகழ்பெற்றது: இங்கே மூன்று பெரிய கட்சிகள் மட்டும் இல்லை, பணமும் பொருளாதார பலமும் உள்ளவர்களின் நான்காவது கட்சி ஒன்று இருக்கிறது, அதற்கு ஓட்டு இல்லாவிட்டாலும் கடன் பத்திரம் விற்காமல், விலையை ஏற்றி, நம்மை முடக்கிவிட அதனால் முடியும் என்ற பொருளில் பேசினார். லிபரல் பொருளாதார அறிஞர் எய்னாவ்தியைத் துணைப் பிரதமராக்கி, கடன் வழங்கலை இறுக்கி இத்தாலிய நாணயமான லிராவை நிலைநிறுத்தினார். அதன் பாரம் தொழிலாளர்கள் தலையில் விழுந்தது. வெளியிலிருந்து வந்த அழுத்தம் எவ்வளவு, உள்ளேயிருந்து வந்தது எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கைப்பாவை என்ற ஒற்றைச் சொல் அந்த வாதத்தைப் படிக்காமலிருக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அவர் ஆட்சியில் சிந்திய ரத்தத்தையும் எழுத வேண்டும். 1949 அக்டோபரில் கலாப்ரியாவின் மெலிஸ்ஸாவில், தரிசாகக் கிடந்த பண்ணை நிலத்தில் இறங்கி உழுத விவசாயிகள்மீது போலீஸ் சுட்டு மூவர் இறந்தார்கள். 1950 ஜனவரியில் மோதெனாவில் ஆறு தொழிலாளர்கள். உள்துறை அமைச்சர் ஷெல்பா. பிரதமர் தெ காஸ்பெரி. பொறுப்பு அவருக்கும் உண்டு.

மெலிஸ்ஸாவுக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பது அடுத்த கேள்வி. 1950-இல் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. ஏறத்தாழ 7 லட்சம் ஹெக்டேர் நிலம் பெரிய பண்ணையார்களிடமிருந்து எடுக்கப்பட்டது. தெற்கத்திய வளர்ச்சிக்கென்று தனி நிதி அமைப்பு அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. அந்த ஜூலையில் அவர் மத்தேராவுக்குப் போயிருந்தார். சுண்ணாம்புப் பாறையில் குடைந்த குகை வீடுகள். ஒரே குகையில் தாய் தகப்பன், பிள்ளைகள், கோவேறு கழுதை, கோழி எல்லாம். ஜன்னல் கிடையாது, வாசல் வழியாக வருவதுதான் வெளிச்சம். கழிவுநீர் பக்கத்திலேயே தேங்கி, குழந்தைகள் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 15,000 பேர் அப்படி வாழ்ந்தார்கள். 1952 மே மாதம் அவர்களை அரசு செலவில் புது வீடுகளுக்கு மாற்றும் சட்டம் வந்தது. ஊருக்கு வெளியே லா மார்த்தெல்லா என்ற புதுக் குடியிருப்பை 1953-இல் அவரே திறந்துவைத்தார். குகைகளில் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களைச் சிதறடித்துவிட்டது என்று அந்தத் திட்டத்தின்மீது பின்னால் விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம்தான்.

இதில் உங்களுக்கு முக்கியமானது, யார் கோபப்பட்டார்கள் என்பது. நிலம் போனவர்கள் 1948-இல் செங்கொடிக்குப் பயந்து அவருக்கே ஓட்டுப் போட்டவர்கள். லிபரல் கட்சி 1950-இல் அரசிலிருந்து விலகியது, நிலச்சீர்திருத்தமும் அதற்கு ஒரு காரணம். தெற்கத்தியப் பண்ணையார்கள் முடியாட்சிவாதிகள் பக்கமும் புதிய பாசிஸ்டுகள் பக்கமும் சாய்ந்தார்கள். 1948-இல் அந்த இரண்டு தரப்புக்கும் சேர்த்து 5 சதவீதம்கூட இல்லை. 1953-இல் 12.7 சதவீதம். சொந்தக்காரர்களிடம் "முடியாது" என்றதற்கான விலைச்சீட்டு இந்த எண்தான். கம்யூனிஸ்டுகள் சொன்ன அளவுக்கு அவர் நிலம் பங்கிடவில்லை, உண்மை. ஆனால் தன் ஓட்டு வங்கியில் கைவைக்கும் அளவுக்குப் பங்கிட்டார்.

அப்படிக் குறைந்துவரும் ஆதரவைத் தடுக்க அவர் எடுத்த வழி 1953 தேர்தல் சட்டம். பாதிக்கு மேல் வாக்கு பெறும் கூட்டணிக்கு மக்களவையில் 65 சதவீத இடம். எதிர்க்கட்சிகள் அதை மோசடிச் சட்டம் என்றார்கள், அச்செர்போ சட்டத்தின் மறுபிறவி என்றார்கள். அச்செர்போவுக்குக் கால்வாசி போதும், இதற்குப் பாதி தாண்ட வேண்டும் என்ற வித்தியாசம் பெரிது. ஆனாலும் 1923-இல் ஒதுங்கி நின்றவர் 1953-இல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததைச் சேர்த்துப் படிக்காமல் இருக்க முடியாது. மேலவையில் நாற்காலியும் பலகையும் பறக்க, மார்ச் கடைசியில் நிறைவேறியது. ஜூன் 7-இல் வாக்கெடுப்பு. அவர் கூட்டணிக்கு 49.8 சதவீதம். பதிவான ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் செல்லுபடியான வாக்குகளில் சுமார் 54,000 குறைவு.

யாரால் குறைந்தது தெரியுமா? அவருக்கு முன் பிரதமராக இருந்த, பாசிச எதிர்ப்புப் போராளி பெர்ருச்சோ பார்ரி, சட்ட அறிஞர் கலமாந்த்ரேய் போன்றவர்கள் இந்தச் சட்டத்தை எதிர்ப்பதற்கென்றே ஒரு சின்னக் கட்சி தொடங்கினார்கள். அதற்கு விழுந்தது ஒன்றரை லட்சத்துக்கு மேல். பல லட்சம் செல்லாத வாக்குகளைக் காட்டி மறு எண்ணிக்கைக்கு மல்லுக்கட்டியிருக்கலாம். அவர் செய்யவில்லை. ஜூலை 28-இல் எட்டாவது அமைச்சரவை நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது, இறங்கிவிட்டார். அடுத்த ஆண்டு அந்தச் சட்டமும் ரத்தானது. என் கருத்தைக் கேட்டால், அவர் ஆட்சிக்காலத்தின் பெரிய தவறு இந்தச் சட்டம். 1948-இல் தேவையில்லாமலே அதிகாரத்தைப் பங்கிட்டவர், 1953-இல் மக்கள் தராத பெரும்பான்மையைச் சட்டத்தால் செய்துகொள்ளப் பார்த்தார். ஒரே மனிதர்தான். இதை விளக்குவது உங்கள் ஆய்வேட்டின் கடினமான அத்தியாயமாக இருக்கும், அதற்கு நிறையப் பக்கம் ஒதுக்குங்கள்.

ஐரோப்பா பற்றி எல்லோரும் எழுதுவார்கள், நீங்கள் சுருக்கமாக எழுதினால் போதும். 1951 ஏப்ரலில் நிலக்கரி-எஃகு சமூக ஒப்பந்தம். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமன், மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடனாவர், தெ காஸ்பெரி மூவரும் எல்லைப்பகுதியின் வாசனை உள்ளவர்கள், மூவருக்கும் ஜெர்மன் சரளம். அவர் உயிரைக் கொடுத்து முயன்றது ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகத்துக்கு. பொது ராணுவம் வந்தால் அதைக் கேள்விகேட்க ஒரு பொது நாடாளுமன்றமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் 38-வது பிரிவைச் சேர்க்க வைத்தவர் அவர். 1954 ஆகஸ்ட் 19-இல் வால்சுகானா மலைப்பகுதியில் செல்லா என்ற இடத்தில் இறந்தார். பதினொரு நாள் கழித்து பிரெஞ்சு நாடாளுமன்றம் அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தது.

கடைசியாக நடைமுறை விஷயங்கள். "அரசியல்வாதி அடுத்த தேர்தலைப் பார்க்கிறான், அரசியல் ஞானி அடுத்த தலைமுறையைப் பார்க்கிறான்" என்ற வரி அவர் பெயரில் எங்கும் உலவுகிறது. தயவுசெய்து முகப்பில் போட்டுவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜேம்ஸ் ஃப்ரீமன் கிளார்க் என்ற அமெரிக்கப் போதகர் எழுதிய கருத்து அது. தேர்வாளர் யாராவது கண்டுபிடித்தால் மற்ற மேற்கோள்களையும் சந்தேகிப்பார். அவருடைய கடிதங்களின் தேசியப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இத்தாலி மொழி தெரியாவிட்டாலும் மொழிபெயர்ப்புக் கருவியை வைத்துக்கொண்டு தேதிவாரியாகத் தேடலாம், ஆனால் மேற்கோள் காட்டும் வாக்கியத்தை மட்டும் மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு மகள் மரியா ரொமானா எழுதிய வாழ்க்கை வரலாறு அன்போடு எழுதப்பட்டது. 1952 வீட்டுச் சம்பவங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள், 1947-க்கும் 1953-க்கும் அதை மட்டும் நம்பாதீர்கள். அந்த இரண்டுக்கும் கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாட்டி, சோசலிஸ்ட் தலைவர் நென்னி போன்ற எதிர்த்தரப்பினரின் நாடாளுமன்றப் பேச்சுகளையும் படிக்க வேண்டும். 1922-23-க்கு ஸ்துர்ட்சோவின் எழுத்துகள் இல்லாமல் முடியாது. அவை உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்க வாய்ப்புக் குறைவு, வரவழைக்க நாளாகும். ஆகவே இந்த வாரமே நூலகரிடம் சொல்லிவையுங்கள்.